பூட்டிய வீடுகள்

ஆறு வீட்டில் சொன்னார்கள்,
போலீசுக்கு விடுவதில்லை.
ஒருவர் மட்டும் காரணமும் சொன்னார்:
"காலி பண்ண மாட்டேன்னுட்டா
யார்கிட்டம்மா போய்ப் புகார் கொடுக்கிறது?"
எனக்கே சிரிப்பு வந்தது.

ஏழாவது, ஓட்டேரியில், இரண்டாம் மாடி.
மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு.
மூன்று லட்சம் லீஸ், ரிப்பேர் உங்க பொறுப்பு என்ற உரிமையாளர்
கதவைத் தொடாமல் சாவியைத் தந்தார்.
ஏன் என்று பிறகு தெரிந்தது.
நிலைக்கால் முழுக்கக் கரையான்.
விரலால் அழுத்தினால்
ரவையாய்க் கொட்டியது.

பணியில் சேர்ந்த பதினோராம் நாள்
திருப்பத்தூரிலிருந்து சாமான் வண்டி.
எனக்கோ அன்றைக்குத் தேர் பந்தோபஸ்து.
பீரோவை மாடியேற்றியது இளவழகனும்
கீழ்வீட்டு இஸ்திரிக்காரரும்.
இரவு வந்து பார்த்தேன்:
அடுப்பு ஓர் அறையில், சிலிண்டர் ஓர் அறையில்,
நடுவே மணல்.

மேஸ்திரி பேர் பாக்கியநாதன்.
திங்கட்கிழமை அட்வான்ஸ் ஐயாயிரம் கேட்டு
நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.
"காசு வந்தாத்தான்மா கலவை."
புதன்கிழமை, பால்கனிக் கொடியில்
என் காக்கி காய்வதைப் பார்த்தார்.
அதன்பிறகு கேட்கவில்லை.
சிமெண்ட்டைத் தன் காசில் வாங்கிவந்தார்.
டீ கொடுத்தால் நின்றுகொண்டே குடித்தார்.
கூலியை நீட்டினால்
"இருக்கட்டும்மா, அப்புறம்" என்று
ஏற்கெனவே சரியாயிருந்த சுவரில்
மறுபடி ரசமட்டம் வைத்தார்.
பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள்,
எதிரில் நிற்பவன் கையைப் பார், பிறகு கண்ணைப் பார்.
பயந்தவனிடம் கடன்படாமல் இருப்பது எப்படி
என்றொரு பாடம் இல்லை.

கதவு இழைப்பகத்துக்குப் போயிற்று.
நாளைக்கே வரும் என்றார்கள். நான்கு நாள்.
வாசலில், யாருடைய காதணி விழாவுக்கோ அடித்த ஃப்ளெக்ஸ்.
பேர் தெரியாத ஒரு குழந்தை,
புதுக் கம்மல் போட்டுக்கொண்டு
மாடிப்படியைப் பார்த்துச் சிரித்தபடி எங்களுக்குக் காவல்.
அதன் காலடியில் பாய் விரித்து இளவழகன்.

எனக்கு ராத்திரி பீட்.
ஊருக்குப் போகிறவர்கள் எழுதிக் கொடுத்த
பூட்டிய வீடுகளின் பட்டியல் கையில்.
அயனாவரத்தில் மட்டும் பதினேழு.
ஒவ்வொரு பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்,
நேரம் போட்டுக் கையெழுத்து.
பித்தளைப் பூட்டு. நம்பர் பூட்டு.
எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும் பூட்டு.
ஒரு வீட்டில், பூட்டிவிட்டு
சாவியை அதிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.
எடுத்து, உறையிலிட்டு, நோட்டில் எழுதி,
ஸ்டேஷனில் ஒப்படைக்க நடந்தபோது
கழுத்தெல்லாம் வியர்வை.
மூன்று கிலோமீட்டர் தள்ளி
ஒரு குழந்தையின் படத்தை நம்பி
என் ஐந்து பவுன், என் சர்டிபிகேட்டுகள்,
என் ஆள்.

ஐந்தாம் நாள் விடிகாலை,
கதவு ஏறியிருந்தது.
புது நிலை, பழைய பலகை, பச்சை பெயின்ட்.
கை தன்னால் போய்
இழுத்துப் பார்த்தது.
உள்ளேயிருந்து, "யாரு?"
"ஸ்டேஷன்ல இருந்து" என்றேன்.
வாய்ப் பழக்கம்.

உள்ளே சத்தமே இல்லை.
எனக்குத் தெரியாத எவனோ
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.
"நான்தான்டா" என்றதும்தான்
தாழ்ப்பாள் நகர்ந்தது.

அன்று மாலை ரோல்காலில்
என் முழங்கையைக் காட்டி ஏட்டம்மா கேட்டார்,
என்னம்மா கறை?
கதவு, என்றேன்.

பாக்கியநாதன் கூலியை
நான் இல்லாத நேரமாய்ப் பார்த்துக் கொடு என்று
இளவழகனிடம் சொல்லியிருந்தேன்.
உட்கார்ந்து, எச்சில் தொட்டு, இரண்டு தரம் எண்ணினாராம்.
இருநூறு குறையுது என்று சத்தம் போட்டாராம்.
கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதி.
எந்த இருநூறு என்றேன்.
தாழ்ப்பாளுக்காம்.